தைராய்டு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க!

எங்க ஏற்காட்டில் நாலு பெண்கள் கூடினால் இப்போ தைராய்டு பேச்சுதான். 'ஹோமியோபதியில் சின்னச் சின்ன வெள்ளை உருண்டை தர்றாங்க, பக்கவிளைவே கிடையாது. தினமும் இங்கிலீஷ் மாத்திரை எதுக்கு?' என்று ஒருத்தர் சொன்னால், மறுநாளே இன்னும் இரண்டு பேர் மலையிறங்கி சேலத்துக்குக் கிளம்பிடறாங்க.

என் மூத்த ஓரகத்தியும் அப்படித்தான் மாத்திரையை நிறுத்தினார். முதல் மூன்று வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. 'பார்த்தியா, கேட்குது!' என்றார். இரண்டே மாதத்தில் முகம் ஊதி, முடி கொட்டி, மலச்சிக்கல் வந்து, உட்கார்ந்தால் எழ முடியாத அசதி. ஸ்வெட்டர் போட்டும் குளிர் தாங்கலை. 'சேர்வராயன் மலையில் மார்கழிக் குளிர் இருக்காதா?' என்று பெரியவங்க சொல்லிட்டாங்க. ரத்தப் பரிசோதனை செய்தபோதுதான் டி.எஸ்.எச். எக்கச்சக்கமாக ஏறியிருந்தது தெரிந்தது.

டாக்டரம்மா சொன்ன விளக்கத்தை எல்லாப் பெண்களும் தெரிஞ்சுக்கணும். மாத்திரையை நிறுத்தினாலும், உடம்பில் இருக்கும் தைராக்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகுமாம். அதனால் சில வாரம் பழைய மருந்தின் பலத்திலேயே வண்டி ஓடும். பெயர் மட்டும் புது மருந்துக்கு! டி.எஸ்.எச். லேசாகக் கூடியிருந்தால், சிலருக்கு மருந்தே இல்லாமல் தானாக இறங்கிவிடும். அப்போதும் உருண்டைக்குத்தான் புகழ்.

எந்த நோய்க்குமே ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று 2015ல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் அறிவித்தது. தைராக்சினோ, நம் கழுத்துச் சுரப்பியில் சுரக்கும் அதே பொருள்தான். 1891ல் இங்கிலாந்து டாக்டர் ஜார்ஜ் மர்ரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். தொடர்ந்து அந்த மருந்தை எடுத்துக்கொண்ட அந்தப் பெண்மணி, பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார்.

காப்பித் தோட்ட ஊர்க்காரங்களுக்கு முக்கியமான குறிப்பு: மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்குங்க. அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி. உடனே குடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேரம் இடைவெளி விடுங்க.

கர்ப்பம் தெரிந்தால் உடனே டாக்டரைப் பாருங்க. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்சின் தேவை. பெரும்பாலும் மாத்திரை அளவைக் கூட்டித்தான் தருவாங்க. 'மாசமா இருக்கே, மாத்திரை எதுக்கு?' என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்காதீங்க.

- ஒரு குடும்பத் தலைவி, ஏற்காடு