பொங்கலுக்கு டிராக்டரைக் குளிப்பாட்டும் முன்...

மாட்டுப் பொங்கல் அன்று டெல்டா கிராமங்களில் மாடுகளோடு சேர்ந்து டிராக்டரும் குளிக்கிறது. வாய்க்கால் கரையிலோ பம்புசெட் அருகிலோ நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவிட்டு, மோட்டார் தண்ணீரை ஹோஸில் பிடித்து இன்ஜின் மேல் பீய்ச்சி அடிக்கிறார்கள். பிறகு சந்தனம், குங்குமம், மாலை. வீட்டில் கார் இருந்தால் அதற்கும் இதே மரியாதைதான். ஆயுத பூஜைக்கும் இதே கதை.

இந்த இரண்டு பண்டிகைகளுமே வண்டிக்கு வேலை நெருக்கும் நேரத்தில் வருபவை. ஆயுத பூஜை சமயத்தில் குறுவை அறுவடையும் தாளடிக்கான சேற்றுழவும் நடக்கும். மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு சம்பா அறுவடை சூடுபிடிக்கும். அப்போது வண்டி இரண்டு நாள் படுத்துவிட்டால், கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டிய நெல் களத்திலேயே கிடக்கும். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி தொடக்கத்திலும் பருவம் தவறிப் பெய்த மழை, அறுவடைக்கு நின்ற சம்பாவைச் சாய்த்ததை டெல்டா விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

அழுக்கு, இன்ஜினை மெதுவாகக் கெடுக்கும். தவறான இடத்தில் புகுந்த தண்ணீரோ ஒரே நாளில் நிறுத்திவிடும். அதனால், இன்ஜினைச் சுத்தம் செய்வதில் முக்கால்வாசி வேலை, தண்ணீர் இல்லாமல் செய்ய வேண்டியது. தண்ணீர் கடைசியில்தான், அதுவும் கொஞ்சமாக.

சுத்தம் செய்யாவிட்டால் என்ன ஆகும்?

புழுதியும் வைக்கோல் தூசும் ரேடியேட்டர் இடுக்குகளை அடைத்தால் இன்ஜின் சூடேறும். அறுவடை இயந்திரத்திலும், வைக்கோல் கட்டும் இயந்திரத்தை இழுக்கும் டிராக்டரிலும் இது தினசரிப் பிரச்னை. சைலன்ஸர் பக்கம் சேரும் காய்ந்த வைக்கோல் தீப்பிடிக்கவும் செய்யும். இதற்கெல்லாம் பண்டிகை வரை காத்திருக்க முடியாது. அறுவடை நாட்களில் தினமும் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தூசைத் தட்டிவிட வேண்டும்.

புது வண்டிக்குக் கூடுதல் கவனம்

பழைய டிராக்டரில் பேட்டரி, டைனமோ, செல்ஃப் மோட்டார் தவிர மின்சார பாகங்கள் அதிகம் இல்லை. இப்போது அப்படியில்லை. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ்.6 கார்களிலும், 2023 ஜனவரியில் புதிய புகை விதிகள் வந்த பிறகு தயாரான 50 ஹெச்.பி-க்கு மேற்பட்ட டிராக்டர்களிலும் டீசல் செலுத்துவதைக் கட்டுப்படுத்துவது கணினிப் பெட்டியும் சென்ஸார்களும்தான். ஒரு ஒயர் இணைப்பில் ஈரம் புகுந்தாலே எச்சரிக்கை விளக்கு எரியும். சில சமயம் வண்டி இழுக்காது. மழைத் தூறலைத் தாங்கும்படி செய்யப்பட்ட இணைப்புகள்கூட, வாட்டர் சர்வீஸ் கன்னை அருகில் பிடித்து அடிக்கும் வேகத்தைத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

எப்படிச் செய்வது?

முதலில் இன்ஜினை நிறுத்தி, ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். கொதிக்கும் மேனிஃபோல்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் வார்ப்பு விரிசல் விடலாம்.

துடைப்பதற்கு முன் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். எங்கே தூசு ஈரமாக, கறுப்பாக ஒட்டியிருக்கிறதோ, அங்கே ஆயிலோ டீசலோ கசிகிறது. ஹோஸ் கிளிப்பைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால் அது கூலன்ட் கசிவு. கழுவிவிட்டால் இந்த அடையாளமெல்லாம் போய்விடும். செல்போனில் படம் எடுத்துவைத்து மெக்கானிக்கிடம் காட்டலாம்.

அடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை, சமையல் சோடா கரைத்த தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்தால் போய்விடும். சோடா தண்ணீர் பேட்டரிக்குள் இறங்காமல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். காய்ந்ததும் வாசலின் தடவலாம்.

வைக்கோல், சருகு, எலிக்கூடு எல்லாவற்றையும் கையுறை போட்டு எடுங்கள். ரேடியேட்டருக்கு, காற்று வழக்கமாக வரும் திசைக்கு எதிராக, அதாவது ஃபேன் பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாகக் காற்றடியுங்கள். கம்ப்ரசர் முனையை ஒட்டிப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

பிறகு மூட வேண்டியவற்றை மூடுங்கள்: ஏர் கிளீனர் வாய், டைனமோ, செல்ஃப் மோட்டார், ஃபியூஸ் பெட்டி, கணினிப் பெட்டி. பாலித்தீன் பையும் ரப்பர் பேண்டும் போதும். எத்தனை பை கட்டினோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவிழ்க்கும்போது கணக்கு சரியாக வர வேண்டும். ஆயில் மூடி, டிப் ஸ்டிக், டீசல் மூடி இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஆயில் பிசுக்கு உள்ள இடத்தில் மட்டும் சோப்புத் தண்ணீரையோ, கடையில் விற்கும் டிகிரீஸரையோ பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். அலச வேண்டுமென்றால் கைத்தெளிப்பான் போதும். டீசல் பம்ப், இன்ஜெக்டர், ஒயர் இணைப்புகள் மேல் நேராக அடிக்கக் கூடாது. வேதாரண்யம், நாகை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்பு போர்வெல் தண்ணீரைத் தவிர்த்து நல்ல தண்ணீரைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் துரு பிடிக்கும்.

முடிவில் பைகளை அவிழ்த்து, துணியால் ஒற்றி, பானெட்டைத் திறந்துவைத்து இரண்டு மணி நேரம் வெயிலில் காயவிடுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை அழையுங்கள். சரியாக இருந்தால், பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டுப் பிறகு வேலைக்கு எடுக்கலாம்.

வழக்கமாக எழும் கேள்விகள்

டீசல் அடித்துக் கழுவினால் பளபளப்பாக இருக்கிறதே, செய்யலாமா?
வேண்டாம். சூடான இன்ஜினில் டீசல் தெளித்தால் தீ ஆபத்து உண்டு. ரப்பர் ஹோஸும் ஃபேன் பெல்ட்டும் ஊறி, உப்பிக் கெடும். மிச்சமிருக்கும் டீசல் பிசுக்கில் மறுநாளே புழுதி ஒட்டும். பெட்ரோலை நினைத்தே பார்க்கக் கூடாது.

ஏர் ஃபில்டரைக் கழுவலாமா?
காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது. மெதுவாகத் தட்டியோ, குறைந்த அழுத்தத்தில் உள்ளிருந்து வெளியே காற்றடித்தோ தூசை எடுக்கலாம். உள்ளே இருக்கும் இரண்டாவது சிறிய ஃபில்டரைச் சுத்தம் செய்யாமல், கெடு வந்ததும் மாற்ற வேண்டும். பழைய டிராக்டர்களில் உள்ள ஆயில் பாத் வகை என்றால், கிண்ணத்தைக் கழற்றி டீசலில் கழுவித் துடைத்து, குறி வரை புது ஆயில் ஊற்றலாம்.

ஏர் கிளீனர் வழியாகத் தண்ணீர் போய்விட்டது என்று சந்தேகமாக இருக்கிறது. என்ன செய்வது?
செல்ஃப் அடிக்காதீர்கள். காற்றைப் போலத் தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜின் சுழன்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மெக்கானிக் வந்து தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சின்னச் செலவோடு முடிய வேண்டியதை, ஒரு சாவித் திருப்பல் இன்ஜினைப் பிரிக்கும் செலவாக ஆக்கிவிடும்.

எலி ஒயரைக் கடிக்கிறது. என்ன வழி?
அறுவடை முடிந்து வயல் காலியானதும் வரப்பு எலிகள் கொட்டகைக்கு வரும். நிற்கும் வண்டியின் பானெட்டை வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். வைக்கோல் போருக்கும் நெல் மூட்டைக்கும் பக்கத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். கொட்டகையைச் சுற்றி எலி வளை இருந்தால், வயலில் வைக்கும் தஞ்சாவூர் கிட்டியையே அங்கும் வைக்கலாம். பல நாள் நின்ற வண்டி என்றால், கூடு இருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சைலன்ஸர் மேல் இருக்கும் வைக்கோல் கூடு, வண்டி சூடானதும் பற்றிக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு எப்போது கழுவுவது நல்லது?
போகிக்கு நான்கைந்து நாள் முன்பே இன்ஜின் வேலையை முடித்துவிடுங்கள். ஏதாவது கோளாறு தெரிந்தால் சரிசெய்ய அவகாசம் இருக்கும். பண்டிகை நாளில் மெக்கானிக் கிடைப்பது கடினம். மாட்டுப் பொங்கல் அன்று பானெட்டை மூடியபடியே, வெளிப்புறத்தையும் சக்கரத்தையும் மட்டும் கழுவிப் பொட்டு வைத்தால் போதும்.