குதிரையை இரவல் கொடுக்கலாமா?

இந்த எபிசோடுக்கான கேள்வி அந்தியூர் பக்கத்திலிருந்து வாய்ஸ் மெசேஜாக வந்தது. கேட்டவர் விவசாயி. வீட்டில் ஒரு பெண் குதிரை நிற்கிறது. அதை ஓட்டிக்கொண்டிருந்த மகன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். பக்கத்து ஊர் நண்பர் கேட்கிறாராம்: "மாப்ள, சும்மா கட்டிப்போட்டு என்ன பண்ணப் போற? ஒரு வருஷம் எங்கிட்ட விடு. தீனிச் செலவு என்னோடது. பசங்க ஓட்டிப் பழகட்டும்." கொடுக்கலாமா வக்கீல் சார், ஏதாவது எழுதி வாங்கணுமா என்பதுதான் கேள்வி.

அந்தியூர்க்காரர்களுக்குக் குதிரையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் ஒரு குதிரை வாங்க, சுழி பார்த்து, பல்லைப் பார்த்து, நடக்கவிட்டு, ஓடவிட்டு அரை நாள் நிற்கிறவர்கள். ஆனா அதே குதிரையை இரவல் கொடுக்கும்போது, வாங்கிட்டுப் போறவரை யாரும் அப்படிப் பார்க்கிறதில்லை. "நம்ம பையன்தானே" என்று கயிறை கையில் கொடுத்துவிடுகிறோம்.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒரு பொருளை ஒரு காரியத்துக்காக ஒருவரிடம் கொடுத்து, காரியம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை அதில் பெயில்மென்ட் என்கிறார்கள். அந்த அத்தியாயத்தைத் திறந்து பாருங்க, ஒவ்வொரு விதிக்கும் கீழே உதாரணம் போட்டிருப்பார்கள். அதில் பல உதாரணங்கள் குதிரைதான். அந்தக் காலத்தில் குதிரைதானே பைக்கும் காரும். 150 வருஷம் கழித்து, நமக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது.

முதல் விஷயம், யார் ஓட்டலாம், எதுக்கு ஓட்டலாம். பிரிவு 154-ல் ஒரு உதாரணம்: ஒருத்தர் தன் குதிரையை இன்னொருத்தருக்கு, "நீ மட்டும் ஓட்டு" என்று கொடுக்கிறார். வாங்கினவர் தன் வீட்டு ஆள் ஒருவரை ஓட்டவிடுகிறார். அந்த ஆள் ஜாக்கிரதையாகத்தான் ஓட்டுகிறார். ஆனாலும் குதிரை தற்செயலாக விழுந்து அடிபடுகிறது. நஷ்டஈடு வாங்கினவர்தான் கொடுக்கணும். ஜாக்கிரதையா ஓட்டினார் என்பது அங்கே எடுபடாது, ஏன்னா பேசினதை மீறிவிட்டார். அடுத்த உதாரணத்தில் கல்கத்தாவிலிருந்து காசி போகக் குதிரை வாடகைக்கு எடுத்தவர் கட்டாக்குக்குப் போகிறார். அவருக்கும் அதே கதிதான்.

கேட்க நல்லா இருக்கு. ஆனா கோர்ட்டில் என்ன ஆகும்? என்னிடம் வந்த ஒரு விஷயத்தைச் சொல்றேன், ஆள் அடையாளம் வேண்டாம். வெள்ளைக் குதிரை. சொந்தக்காரர் ஒருவரிடம் ஒரு மாசத்துக்கு விட்டது. அவர் அதைக் கல்யாண ஊர்வலத்துக்கு அனுப்பியிருக்கிறார். பேண்டு, பட்டாசு, ஜெனரேட்டர் லைட்டு. தோட்டத்திலேயே வளர்ந்த குதிரைக்கு இது எதுவுமே பழக்கமில்லை. மிரண்டு ஓடி, சாக்கடைப் பாலத்தில் கால் மாட்டி முறிந்துவிட்டது. காப்பாற்ற முடியவில்லை. சட்டப்படி பார்த்தால் குதிரைக்காரர் பக்கம்தான் நியாயம். ஆனா ஊர்வலத்துக்கு விடக்கூடாதுன்னு சொன்னதற்கு என்ன ஆதாரம்? "சொல்லவே இல்லையே, குதிரைன்னா ஊர்வலத்துக்குத்தானே" என்றார் அவர். ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்கூட இல்லை. கடைசியில் பெரியவங்க உட்கார்ந்து பேசி, குதிரை விலையில் பாதிக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு முடித்தார்கள். பேச்சுவார்த்தை அன்றைக்கே நின்றுபோச்சு.

அதனால் பேப்பரில் எழுதுங்க. யார் யார் ஏறலாம், எந்த இடத்துக்குள், எந்த வேலைக்கு. "ஊர்வலம் கூடாது, ரேஸ் கூடாது, வண்டியில் பூட்டக் கூடாது, வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது." நாலு வரி போதும், இரண்டு பேர் கையெழுத்து, தேதி. சொன்னதற்கு மாறாகப் பயன்படுத்தினால், ஒப்பந்தத்தை அப்போதே முடித்துக்கொள்ளும் உரிமை பிரிவு 153-ல் உங்களுக்கு இருக்கிறது.

இரண்டாவது விஷயம், நீங்க மறைக்கக் கூடாதது. இதில் மாட்டுவது கொடுத்தவர். பிரிவு 150. குதிரைக்கு முரட்டுக் குணம் என்று தெரிந்தும் சொல்லாமல் கொடுத்தால், அது ஓடி, ஏறினவர் விழுந்து அடிபட்டால், பொறுப்பு உங்களுடையது. நம்ம நேயர் விஷயத்தில் ஏறப்போவது குழந்தைகள். லாரி ஹாரனுக்கு மிரளுமா, பின்னால் போனால் உதைக்குமா, கடிக்குமா, எல்லாத்தையும் சொல்லுங்க. சொன்னதை எழுதுங்க. நம்ம குதிரையை நாமளே குறை சொல்ற மாதிரி இருக்கும்தான். பரவாயில்லை.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கு. சும்மா இரவல் கொடுத்தால், உங்களுக்குத் தெரிந்த குறையைச் சொன்னால் போதும். வாடகைக்குக் கொடுத்தால், உங்களுக்கே தெரியாத குறைக்கும் நீங்கதான் பொறுப்பு. அதனால் "மாசம் ஆயிரம் ரூபாய் ஏதோ கொடு மாப்ள" என்று சொல்வதற்கு முன் யோசிங்க. அந்த ஆயிரம் ரூபாயில் உங்கள் பொறுப்பு பல மடங்கு ஏறுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. இலவசமாகக் கொடுத்ததை, ஒரு வருஷம்னு பேசியிருந்தாலும், எப்ப வேணும்னாலும் திரும்பக் கேட்கலாம் என்கிறது பிரிவு 159. ஒரே ஒரு நிபந்தனை: ஒரு வருஷத்தை நம்பி அவர் செலவு செய்து, முன்கூட்டியே வாங்குவதால் அவருக்கு ஏற்படும் நஷ்டம் அவர் அடைந்த பலனைவிட அதிகமானால், அந்த வித்தியாசத்தை நீங்க ஈடுகட்டணும். கொட்டகை போட்டேன், சேணம் வாங்கினேன் என்று அவர் கணக்கு காட்டலாம். வாடகை ஏற்பாட்டுக்கு இந்தச் சலுகையே கிடையாது.

அப்புறம், தீனிச் செலவு. "என்னோடது" என்று நண்பர் இப்போ சொல்றார். ஆறு மாசம் கழித்து மனசு கசந்தால், "அவரால் பார்க்க முடியலன்னு எங்கிட்ட விட்டார், நான் காப்பாத்தினேன்" என்று பேச்சு மாறும். அவர் ஓட்டுவதற்காகக் கொடுத்தீர்களா, உங்களுக்காக அவர் பராமரித்தாரா என்பது பெரிய வித்தியாசம். கூலி வாங்காமல் உங்களுக்காக வைத்துப் பார்த்தார் என்று ஆனால், அவசியமான செலவை நீங்க திருப்பிக் கொடுக்கணும். அது பிரிவு 158. எனவே கொள்ளு, புல், லாடம், டாக்டர், ஒவ்வொன்றும் யார் செலவு என்று பெயர் போட்டு எழுதுங்க.

சட்டத்தை ஒரு நிமிஷம் தள்ளி வைப்போம். ஒரு கால்நடை டாக்டரிடம் பேசினேன். இரவல் போன குதிரை அடி வாங்கிச் சாவதைவிட, பாசத்தால் சாவதுதான் தனக்குக் கவலை என்றார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. திடீரென்று தீனி மாறினாலோ, தானியம் அதிகமானாலோ, கோலிக் என்கிற கடும் வயிற்றுவலி வரும், சில மணி நேரத்தில் உயிரே போகலாம். கல்யாண வீட்டில் மிஞ்சின சோற்றை ஆசையாக ஒரு கூடை வைப்பார்கள். மாட்டுக்கு வைத்துப் பழகின கை. உயிர் தப்பினாலும் குளம்புக்குள் வீக்கம் வந்து, நிரந்தரமாக நொண்டியாகிவிடலாம். குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு தடவை சீர் செய்யணும். ஆணி குத்தினால் டெட்டனஸ், அது குதிரைக்குச் சீக்கிரம் பிடிக்கிற நோய். மாடு வளர்த்த நல்ல மனுஷருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கணும்னு கட்டாயம் இல்லை.

சட்டம் இங்கே என்ன கேட்கிறது? சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவு கவனம், அவ்வளவுதான். பிரிவு 151, 152. அந்தக் கவனம் இருந்தும் குதிரை செத்தால், நஷ்டம் உங்களோடது. கவனமா இருந்தேன் என்று காட்டவேண்டியது பொதுவாக வாங்கினவர்தான். ஆனாலும் புதைத்த பிறகு எதைக் காட்டுவது? அதனால், செத்தால் உடனே தகவல், அரசு கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனை, அதற்கு முன் புதைக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதிவிடுங்க. இன்ஷூரன்ஸ் இருந்தால் இடம் மாறுவதைக் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிங்க.

நண்பர் குதிரையை விற்றுவிட்டால்? தனக்குச் சொந்தமில்லாததை விற்கிறவரால், பொதுவாக, வாங்குகிறவருக்கு உரிமையைக் கொடுக்க முடியாது. நம்பிக்கை மோசடி என்று பாரதிய நியாய சன்ஹிதா 316-வது பிரிவில் போலீஸிலும் புகார் கொடுக்கலாம். ஆனா அந்தக் குதிரை உங்களுடையதுதான் என்று எப்படிக் காட்டுவீங்க? ஆர்.சி. புக் கிடையாதே. வாங்கின ரசீது, நாலு பக்கமும் எடுத்த போட்டோ, நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழி இருக்கும் இடம், முடிந்தால் மைக்ரோசிப் நம்பர். கொடுக்கும் நாளிலேயே இதையெல்லாம் பேப்பரில் சேர்த்து, அவரிடமும் கையெழுத்து வாங்குங்க.

பெண் குதிரை என்பதால் குட்டி பற்றியும் சொல்லணும். சட்டப் புத்தகத்தில் பசுவும் கன்றும் உதாரணம்: வேறு பேச்சு இல்லையென்றால், கன்றையும் சேர்த்துத்தான் திருப்பித் தரணும். நண்பர் அப்படி நினைக்க மாட்டார், "எங்க கொட்டகையில பொறந்தது" என்பார். சேர்க்கை உண்டா, கூடாதா என்று முதலிலேயே பேசிவிடுங்க.

கொடுத்துவிட்டோம் என்று கண்ணை மூடவும் முடியாது. 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் கையில் வைத்திருப்பவரும் உரிமையாளர்தான். ஆனால் நியாயமான கவனமும் மேற்பார்வையும் செலுத்தாத உரிமையாளரும் குற்றவாளியாகக் கருதப்படலாம். எப்போ வேணும்னாலும் வந்து பார்ப்பேன் என்று எழுதுங்க. மாசம் ஒரு தடவையாவது போய்ப் பாருங்க, சொல்லாமல்.

நேயருக்கு என் பதில்: கொடுக்கலாம். ஆனா ஒரு வருஷம் வேண்டாம், முதலில் ஒரு மாசம். பேப்பர் எழுதுவதற்கு முன்னால் அவர் கொட்டகைக்கு ஒரு நடை போங்க. தண்ணீர்த் தொட்டி எப்படி இருக்கு, தரையில் ஆணி, கம்பி கிடக்கா, ராத்திரி யார் பக்கத்தில் படுப்பார்கள், அவசரத்துக்கு எந்த டாக்டர் வருவார் என்று கேளுங்க. பேப்பர் என்றதும் நண்பர் முகம் சுளித்தால், நான் சொன்னேன் என்று சொல்லுங்க, பழி வக்கீல் மேல போகட்டும்.

அடுத்த எபிசோடில் வேலிப் பிரச்சினை. பக்கத்துத் தோட்டத்து மரம் நம்ம பக்கம் சாய்ந்தால் கிளையை வெட்டலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.