ஓடையும் காலும்

சாத்தூர் பக்கம் கோடையில் ஓடைக்குள் இறங்கி நடந்தால் புழுதிதான் பறக்கும். கண்மாய்க்குப் போகும் வரத்துக்காலும் அதே மாதிரி காய்ந்து, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். இரண்டும் மழைநீர் போகும் பள்ளம்தான். ஆனால் ஓடை, நீர் தானே அறுத்துக்கொண்ட வழி. கால், மனிதர் வெட்டியது. தெருச் சாக்கடையை இங்கே வாறுகால் என்கிறார்களே, அதுவும் கால் வகைதான். வருவாய்த்துறைப் பதிவேடுகளிலும் ஓடைப் புறம்போக்கு வேறு, வாய்க்கால் புறம்போக்கு வேறு.

காய்ந்து கிடக்கும்போதும் இரண்டையும் பிரித்தறியலாம். ஓடை இருப்பதிலேயே தாழ்வான இடத்தைத் தேடி வளைந்து போகும். வளைவின் வெளிப்பக்கம் கரை அரிபட்டிருக்கும், உள்பக்கம் மணல் ஒதுங்கியிருக்கும். வரத்துக்காலோ மேட்டின் ஓரமாக, மிகக் குறைந்த சரிவில் கண்மாயை நோக்கிப் போகும். வெட்டிய மண் பக்கத்திலேயே கரையாகக் குவிந்திருக்கும்.

ஓடை பிறப்பது வயலில். பெருமழையில் வழியும் நீர் மண்ணில் மெல்லிய கோடுகளைக் கீறுகிறது. அடுத்த உழவில் அவை மறைந்துவிடும். உழுதாலும் மறையாத அளவுக்கு ஆழமாகிவிட்டால் அது நிலையான பள்ளம். மண் அரிப்பை ஆராய்பவர்களும் உழவைத்தான் எல்லையாக வைக்கிறார்கள். இந்தப் பக்கத்துக் கரிசல் மண்ணில் இன்னொரு விசேஷம் உண்டு. கோடையில் பாளம் பாளமாக வெடித்த நிலம் முதல் மழையை வெடிப்புக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு களிமண் உப்பி வெடிப்புகள் மூடிக்கொள்ள, அடுத்த மழை மேலாகவே வழிந்தோடும். ஐப்பசியில் சும்மா கிடந்த ஓடை கார்த்திகையில் திடீரென்று கரைபுரள்வது இதனால்தான். இப்படிப் பல ஓடைகள் கூடி அர்ஜுனா நதியாகி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்ந்து, மன்னார் வளைகுடாவுக்குப் போகின்றன.

ஆனால் இந்த ஓடைகளுக்கு வறட்சியே ஆபத்து. ஆண்டில் பெரும்பகுதி நீரில்லாத பள்ளத்தை வெற்றுநிலம் என்று நினைத்து மண் கொட்டி நிரப்புகிறார்கள். வரத்துக்காலை, சரிவு பார்த்து வேறு தடத்தில் வெட்டிக்கொள்ள முடியும். ஓடையை மூடினாலோ, சுற்றியுள்ள நிலத்தின் சரிவு மாறாது. அடுத்த பெருமழையில் நீர் அங்கேதான் வந்து சேரும்.

இந்திய நில அளவைத் துறையின் நிலப்படத்தில் நீர் வற்றாத ஓடைக்கு நீலக்கோடு, வறண்ட ஓடைக்குக் கருப்புக்கோடு. மனை வாங்கப் போகிறவர்கள் அந்தக் கருப்புக்கோடுகளையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.