ஓட்டல் அறை ஏ.சி. தானாக நிற்பது ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதம். அப்பாவின் இதயப் பரிசோதனைக்காகச் சென்னையில் ஓர் ஓட்டலில் தங்கியிருந்தோம். மதியம் சாப்பிட்டுவிட்டு அப்பா போர்வையை இழுத்து மூடித் தூங்கிவிட்டார். ஏ.சி.யை 24 டிகிரியில் வைத்துவிட்டு, ரிப்போர்ட் வாங்கி வர நான் கிளம்பினேன். அந்த அறையில் கீ கார்டைச் சொருகி வைக்கும் ஸ்விட்ச் இல்லை. எனவே கார்டை எடுத்துச் சென்றாலும் ஏ.சி. ஓடும் என்று நம்பினேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தால், அப்பா வியர்வையில் நனைந்து, களைத்துப் போய் உட்கார்ந்திருந்தார். அறையின் வெப்பம் 30 டிகிரி எனத் தெர்மோஸ்டாட்டின் திரை காட்டியது. எனக்குப் பயமாகிவிட்டது. ஓட்டலின் டெக்னீஷியன் வந்து பார்த்துவிட்டு, "ஏ.சி. நல்லாத்தான் இருக்கு சார். ரூம்ல ஆள் இல்லைன்னு அது முடிவு பண்ணிடுச்சு" என்றார்.

அது எப்படி முடிவு செய்கிறது? இத்தகைய அறைகளில் இரண்டு சென்சார்கள் இருக்கும். ஒன்று கதவு நிலையில் உள்ள காந்த ஸ்விட்ச். கதவு திறப்பதையும் மூடுவதையும் சொல்லும். மற்றொன்று, கூரையிலோ தெர்மோஸ்டாட்டிலோ வெள்ளை பிளாஸ்டிக் லென்சுக்குப் பின்னால் இருக்கும் பி.ஐ.ஆர். சென்சார். நம் உடலில் இருந்து வெளிப்படும் இன்ஃப்ரா ரெட் கதிர்களை இது கவனிக்கிறது. லென்ஸ் அறையைப் பல பகுதிகளாகப் பிரித்துக் காட்டும். வெப்பமான உடல் ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்தால்தான் சென்சாரில் சிக்னல் உண்டாகும். அசையாமல் படுத்திருப்பவர் அதற்குச் சுவர் மாதிரிதான்.

அப்படியானால் இரவில் தூங்கும் எல்லோருக்கும் ஏ.சி. நின்றுவிடாதா? நிற்காது. கதவு மூடிய பின் ஒரே ஒரு அசைவு தெரிந்தாலும், கதவு மீண்டும் திறக்கும் வரை அறையில் ஆள் இருப்பதாகவே தெர்மோஸ்டாட் வைத்துக் கொள்ளும். நான் வெளியேறியபோது கதவு திறந்து மூடியது. கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. அப்பா போர்வைக்குள் அசையவில்லை. குறிப்பிட்ட நிமிடங்கள் கழிந்ததும் குளிரூட்டல் நின்றுவிட்டது.

ஓட்டல்காரர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு டிகிரி உயர்த்தினாலே ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு. ஆளில்லாத அறையைக் குளிர வைப்பது வீண்தானே? ஆனால் இதனை அறை கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முதியவரையோ குழந்தையையோ தூங்க வைத்துவிட்டு வெளியே செல்வதாக இருந்தால், ரிசப்ஷனில் சொல்லி அந்த அறைக்கு சென்சார் கட்டுப்பாட்டை நிறுத்தி வைக்க முடியுமா எனக் கேளுங்கள். பல ஓட்டல்களில் இதனைச் செய்து தருவார்கள். கார்டு சொருகும் அறை என்றால் இரண்டாவது கார்டு கேட்டு வாங்குங்கள். பால்கனிக் கதவையும் பாருங்கள். அதிலும் காந்த ஸ்விட்ச் இருந்து, கதவு சரியாக மூடாவிட்டால் ஏ.சி. ஓடாது.

இன்னொன்று. சீக்கிரம் குளிரட்டும் என்று 16 டிகிரிக்கு மாற்றுவார்கள். பெரிய ஓட்டல்களில் சில்லரிலிருந்து சுமார் 7 டிகிரி தண்ணீர் குழாய் வழியே அறைக்கு வருகிறது. பெரும்பாலும் தெர்மோஸ்டாட் அதன் வால்வைத் திறக்கும், மூடும், அவ்வளவுதான். 16 என்று வைத்தால் தண்ணீர் கூடுதலாகக் குளிர்ந்துவிடாது. அவசரம் என்றால் ஃபேன் வேகத்தைக் கூட்டுங்கள்.