‘கள்ள நோட்டு அடித்தால் மரணம்!’ - 300 வருஷத்து அமெரிக்க நோட்டுகளைத் தேடும் சேகரிப்பாளர்கள்

பழைய நோட்டு சேகரிப்பவர்கள் பொதுவாக மடிப்புகூட விழாத நோட்டைத்தான் கேட்பார்கள். ஆனால், அமெரிக்கா பிரிட்டனின் காலனியாக இருந்த காலத்து நோட்டுகளில், கிழிந்துபோய் ஊசி நூலால் தைக்கப்பட்ட நோட்டுக்கும் ரசிகர்கள் உண்டு. பல கைகள் மாறி, நிஜமாகவே புழங்கிய பணம் என்பதற்கு அந்தத் தையல்தானே சாட்சி!

இந்தக் கதை 1690-ல் தொடங்குகிறது. கியூபெக்கைப் பிடிக்கப் போன மாசசூசெட்ஸ் படை தோற்றுத் திரும்பியது. சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்க கஜானாவில் காசு இல்லை. எனவே, காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். மேற்கத்திய உலகில் ஓர் அரசு வெளியிட்ட முதல் காகிதப் பணம் அதுதான்.

நோட்டு வந்ததுமே கள்ள நோட்டும் வந்தது. அப்போதைய நோட்டுகளின் ஓரத்தை நெளிநெளியாக வெட்டிக் கொடுப்பார்கள். அரசிடம் இருக்கும் அடிக்கட்டையோடு பொருந்தினால்தான் அது நல்ல நோட்டு. ஆனால், கடைக்காரர் அடிக்கட்டைக்கு எங்கே போவார்?

இதற்கு பிலடெல்பியாவில் அச்சகம் வைத்திருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கண்டுபிடித்த வழி, நிஜ இலை! செடியிலிருந்து பறித்த இலையை அச்சு எடுத்து, ஈயத்தில் வார்த்து, நோட்டில் பதித்தார். இலை நரம்பின் நெளிவை எந்தக் கையாலும் அப்படியே செதுக்க முடியாது. காகிதக் கூழில் காக்காப்பொன் எனப்படும் மைக்கா துகள்களையும் கலந்தார்கள். இவ்வளவுக்கும் மேலே, ‘கள்ள நோட்டு அடித்தால் மரணம்’ என்ற எச்சரிக்கையும் நோட்டிலேயே அச்சாகியிருந்தது.

1775-ல் சுதந்திரப் போர் வெடித்தபோது, செலவுக்காக ‘கான்டினென்டல்’ நோட்டுகளை அடித்துத் தள்ளியது அமெரிக்கக் காங்கிரஸ். போதாக்குறைக்கு, பிரிட்டிஷ் தரப்பும் நியூயார்க்கிலிருந்து கள்ள நோட்டுகளைப் பரப்பியது. நோட்டின் மதிப்பு பாதாளத்துக்குப் போனது. 1790-ல் போட்ட சட்டப்படி, 100 டாலர் நோட்டுகளைக் கொடுத்தால் 1 டாலருக்குப் பத்திரம்! துப்பாக்கி தூக்கியவர்கள் இந்த நோட்டைத்தான் சம்பளமாக வாங்கியிருந்தார்கள்.

காலனிகள் வெளியிட்ட நோட்டுகளில் பெரும்பகுதி வரியாகக் கஜானாவுக்குத் திரும்பி, எரிக்கப்பட்டுவிட்டது. தப்பியவைதான் இன்று ஏலத்துக்கு வருகின்றன. அவற்றில் கையெழுத்துக்குத் தனி மவுசு. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஜான் ஹார்ட், 1776-ம் ஆண்டு நியூ ஜெர்சி நோட்டுகளிலும் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

வாங்கும்போது உஷார்! சுற்றுலாப் பயணிகளுக்கென விற்கப்பட்ட நகல்கள் ஏராளம். பழுப்பேறி மொடமொடவென்று இருந்தால் சந்தேகப்படலாம். அசல், துணிக் கந்தலில் செய்த காகிதம். தொட்டால் மென்மையாக இருக்கும். வரிசை எண்ணையும் பாருங்கள். அசலில் அது பேனாவால் எழுதப்பட்டது, நோட்டுக்கு நோட்டு மாறும். நகல்களில் ஒரே எண்தான் திரும்பத் திரும்ப வரும்.

ஆனால், 1770-களிலேயே அடித்த கள்ள நோட்டு என்றால் விஷயம் வேறு. அன்றைக்கு உயிரைப் பணயம் வைத்து அடித்த அந்தப் போலிக்கும் இன்று அசல் காசு கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.