130 டாலரில் இருந்து 6 டாலர்: பேட்டரி பங்கு சரிந்தது ஏன்? லித்தியம் எங்கே பிறந்தது தெரியுமா?

ஒரு பேட்டரிகூட விற்காத கம்பெனி, நூறு வருஷத்துக்கும் மேலாக கார் விற்கும் ஃபோர்டை மதிப்பில் முந்தினால்? 2020 டிசம்பரில் அமெரிக்க பங்குச்சந்தையில் இது நிஜமாகவே நடந்தது.

அந்த கம்பெனி குவாண்டம்ஸ்கேப். கலிபோர்னியாவைச் சேர்ந்தது. ஃபோக்ஸ்வேகனும் பில் கேட்ஸும் பணம் போட்டவர்கள். 15 நிமிடத்தில் 80 சதவீதம் சார்ஜ் ஆகும் என்று சோதனை முடிவுகளை வெளியிட்டதும் பங்கு 130 டாலரைத் தாண்டியது. ஆனால் அந்த சோதனை ஒற்றை அடுக்கு செல்லில் நடந்தது. காருக்குப் பல அடுக்கு தேவை. 2022 முடிவில் பங்கு விலை 6 டாலருக்கும் கீழ்!

லித்தியம் அரிய பொருள், அதனால் பேட்டரி பங்குகள் ஏறியே தீரும் என்பது முதலீட்டாளர்கள் மத்தியில் அடிக்கடி கேட்கும் பேச்சு. அரிய பொருள் என்பது உண்மைதான். ஆனால் எங்கே அரிது?

நட்சத்திரத்துக்கு ஆகாத லித்தியம்

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன், ஆணியில் இருக்கும் இரும்பு எல்லாம் நட்சத்திரங்களுக்குள் உருவானவை. லித்தியம் அப்படியல்ல. சுமார் 25 லட்சம் டிகிரி வெப்பத்திலேயே அதன் அணுக்கரு சிதைந்துவிடும். சூரியனின் மையத்திலோ ஒன்றரை கோடி டிகிரி. அதாவது, நட்சத்திரங்கள் லித்தியத்தை தின்றுவிடுகின்றன.

அப்புறம் எங்கிருந்து வந்தது? சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெடிப்பு நடந்த முதல் சில நிமிடங்களில் துளி லித்தியம் உருவானது. பிறகு காஸ்மிக் கதிர்கள் கார்பன், ஆக்சிஜன் அணுக்களை மோதி உடைத்ததில் கொஞ்சம். இன்னொரு முக்கியமான இடம், நோவா வெடிப்பு. ‘வெள்ளைக் குள்ளன்’ எனப்படும் செத்த நட்சத்திரம், பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை இழுத்து இழுத்து சேர்க்கும். ஒரு கட்டத்தில் அது வெடிக்கும்போது பெரிலியம்-7 உருவாகி வெளியே வீசப்படும். அதில் பாதி 53 நாளில் லித்தியமாக மாறிவிடும். 2013-ல் டெல்பினஸ் விண்மீன் கூட்டத்தில் வெடித்த நோவாவில் இந்த பெரிலியத்தை ஜப்பானின் சுபாரு தொலைநோக்கி கண்டுபிடித்தது.

இதில் ஒரு தீராத புதிரும் உண்டு. மிகப் பழைய நட்சத்திரங்களில், கணக்குப்படி இருக்க வேண்டிய லித்தியத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தென்படுகிறது.

சரி, பங்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஒன்றுமில்லை. பிரபஞ்சத்தில் அரிது என்றாலும், சிலியின் உப்புப் படுகையிலும் ஆஸ்திரேலியாவின் பாறைகளிலும் தோண்டி எடுக்கும் அளவுக்கு கிடைக்கிறது. சுரங்கங்கள் பெருகி, தேவை எதிர்பார்த்த அளவு ஏறாததால் 2023-ல் மட்டும் சீனாவில் லித்தியம் கார்பனேட் விலை சுமார் 80 சதவீதம் சரிந்தது.

குவாண்டம்ஸ்கேப்பின் சிக்கலே வேறு. இன்றைய பேட்டரியில் இருக்கும் கிராஃபைட்டுக்குப் பதிலாக அது லித்தியம் உலோகத்தையே வைக்கிறது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் ஊசி மாதிரி வளர்ந்து, நடுவே இருக்கும் தடுப்பைக் குத்தினால் ஷார்ட் சர்க்யூட்தான். அதைத் தடுக்கும் மெல்லிய பீங்கான் தகடை ஆய்வகத்தில் செய்யலாம். குறையில்லாமல் லட்சக்கணக்கில் செய்வதுதான் சவால்.

2025 செப்டம்பரில் ஜெர்மனியின் மியூனிக்கில், டுகாட்டி ரேஸ் பைக்கில் இந்த பேட்டரியைப் பொருத்திக் காட்டினார்கள். பங்கு மறுபடி ஏறியது. ஷோரூமில் விற்கும் எந்த காரிலும் அப்போது அந்த பேட்டரி இல்லை.