ரெயிட் கட்டுப்பாட்டு அட்டையைத் தெரிவுசெய்தல்

பல வன்தட்டுகளை ஒன்றிணைத்து ஒரே சேமிப்பகமாக இயக்கும் முறை ரெயிட் எனப்படும். இதனை நிருவகிக்கும் அட்டையைத் தெரிவுசெய்யும்போது கவனிக்க வேண்டியவை:

1. அட்டை ஆதரிக்கும் மட்டங்கள்
• ரெயிட் 0: தரவு பிரித்து எழுதப்படும். வேகம் கூடும், ஆனால் ஒரு தட்டுப் பழுதடைந்தாலே தரவு இழக்கப்படும்.
• ரெயிட் 1: இரு தட்டுகளிலும் ஒரே தரவு எழுதப்படும்.
• ரெயிட் 5: குறைந்தது 3 தட்டுகள் தேவை. ஒன்று பழுதடைந்தாலும் தரவை மீளப்பெறலாம்.

2. தாய்ப்பலகையின் செருகுவாய்க்கும் வன்தட்டுகளின் வகைக்கும் எண்ணிக்கைக்கும் பொருந்துதல்.

3. மின்கலப் பாதுகாப்புள்ள பதுக்கு நினைவகம். மின் தடைப்பட்டாலும் எழுதி முடியாத தரவு பேணப்படும்.

உதாரணம்: 1 ரெராபைற்று வன்தட்டுகள் 3 ரெயிட் 5 இல் இணைக்கப்படின், பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 2 ரெராபைற்று ஆகும்.

நினைவிற் கொள்க: ரெயிட் காப்புநகலுக்கு ஈடாகாது. ரெயிட் 1 இல் தவறுதலாக அழித்த கோப்பு இரு தட்டுகளிலிருந்தும் ஒருங்கே அழியும்.